இறக்குமதி இரும்பும் பொருள்குவிப்புத் தடுப்பு வரியும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு ஆலை தன் நாட்டு விலையைவிடக் குறைந்த விலைக்கு இங்கே அனுப்பும் சரக்கின் மீது கூடுதலாக விதிக்கப்படுவதே பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது ஆன்டி டம்பிங் வரி. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையின் இரும்பு வணிகர்களும் பட்டறைக்காரர்களும் அனுப்பியவை. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி (சாத்தங்காடு இரும்புச் சந்தை, மொத்த வணிகர்): ஐயா, வெளிநாட்டு ஆலையிடம் எச்.ஆர். காயிலுக்கு (சூடாக உருட்டிய தகட்டுச் சுருள்) ஒப்பந்தம் போட்டு எல்.சி.யும் (வங்கியின் கடனுறுதிக் கடிதம்) திறந்தாகிவிட்டது. சரக்கு கடலில் இருக்கும்போதே அதன்மீது ஆன்டி டம்பிங் வரி விதித்து அறிவிக்கை வந்துவிட்டால், பாரிமுனையில் இருக்கும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அதை நிறுத்த முடியுமா?

பதில்: ஒப்பந்தம் எந்த நாளில் கையெழுத்தானது என்பதைச் சுங்கச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, உள்நாட்டு நுகர்வுக்கான பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குத் தரும் இறக்குமதிப் பத்திரம்) தாக்கல் செய்யப்படும் நாளில் நடப்பில் உள்ள விகிதமே பொருந்தும். கப்பல் வருமுன்பே தாக்கல் செய்திருந்தால், கப்பலுக்கு உள்வருகை அனுமதி கிடைத்த நாள் பார்க்கப்படும். வரி கட்டுமுன் சரக்கை வைத்திருக்கும் பாண்டட் கிடங்கில் போட்டு வைத்தாலும், அங்கிருந்து வெளியே எடுக்கத் தாக்கல் செய்யும் நாளின் விகிதமே வந்து சேரும் என்பதால், கிடங்கு ஒரு புகலிடம் ஆகாது.

ஒரே நாளில் அறிவிக்கையும் தாக்கலும் மோதிக்கொண்டால் மணிக்கணக்கு முக்கியமாகிறது. 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குகள் மீது 200 சதவீத வரி விதித்த அறிவிக்கை இரவு எட்டரை மணிக்கு மேல்தான் மின் அரசிதழில் ஏறியது. அதற்கு முன்பே அன்று பகலில் தாக்கல் செய்துவிட்டவர்கள் பழைய வரியைக் கட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் தீர்த்தது. உங்கள் கிளியரிங் ஏஜென்ட் தாக்கல் செய்த நேரத்தின் பதிவை ஒருபோதும் அழிக்க விடாதீர்கள்.

இனி ரிட் மனு. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சுங்கத் தீர்வைச் சட்டம் 1975இன் 9சி பிரிவு, இந்த வரி குறித்த முடிவுகளுக்கு எதிராகச் சுங்க, கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது செஸ்டாட்டுக்குப் போகும் வழியைத் தந்திருக்கிறது. அந்த வழி திறந்திருக்கும்போது, அதிகார வரம்பு மீறல், இயற்கை நீதி மறுப்பு போன்ற வலுவான காரணம் இல்லாவிட்டால், ‘அங்கே போய்விட்டு வாருங்கள்’ என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. செஸ்டாட்டில் 90 நாட்களுக்குள், 15,000 ரூபாய் கட்டணத்துடன் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். இவ்வகை மேல்முறையீட்டைத் தீர்ப்பாயத் தலைவரும் குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்த தனி அமர்வு கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், சென்னை அமர்வில் உங்கள் மற்ற சுங்க வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரோடு மட்டும் இது முடியாது. அந்த அமர்வுக்காக டெல்லி போகும் செலவையும் கணக்கில் வையுங்கள். நடைமுறையில் சிறு வணிகருக்கு இதுவே பெரிய தடை என்பது என் கருத்து. பதினைந்தாயிரம் ரூபாய்க் கட்டணம் அல்ல.

கேள்வி (மணலி, குழாய் தயாரிப்பாளர்): இந்த வரியை யார், எந்தக் கணக்கில் தீர்மானிக்கிறார்கள்? டன்னுக்கு இவ்வளவு டாலர் என்று திடீரென்று வருகிறதே.

பதில்: திடீரென்று வருவதில்லை. உங்கள் கண்ணில் படுவது கடைசிக் கட்டம். உள்நாட்டு ஆலைகள் மனுக் கொடுத்ததும், வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள டி.ஜி.டி.ஆர். என்ற வர்த்தகத் தீர்வுகளுக்கான தலைமை இயக்குநரகம் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரணையைத் தொடங்கி, பொதுவாக ஓராண்டுக்குள், நீட்டிப்புக் கிடைத்தால் ஒன்றரை ஆண்டுக்குள், இறுதி முடிவை வெளியிடுகிறது. அந்த முடிவு ஒரு பரிந்துரைதான். அதை ஏற்று வரி விதிப்பது நிதி அமைச்சகம், ஏற்காமலும் விடலாம்.

கணக்கு இப்படி. ஒரு வெளிநாட்டு ஆலை தன் நாட்டில் டன் 600 டாலருக்கு விற்கும் தகட்டை இந்தியாவுக்கு 500 டாலருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குவிப்பு வித்தியாசம் 100 டாலர். ஆனால் உள்நாட்டு ஆலைக்கு ஏற்பட்ட பாதிப்பை நீக்க 60 டாலரே போதும் என்று கண்டால், வரி 60 டாலரோடு நிற்க வேண்டும். இரண்டில் குறைந்ததையே விதிக்கும் இந்த நடைமுறையை இந்தியா கடைப்பிடிக்கிறது. வித்தியாசம் ஏற்றுமதி விலையில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் விசாரணையையே கைவிட வேண்டும்.

சில சமயம் நிலையான தொகைக்குப் பதில் ஓர் ஆதார விலை வைக்கப்படுகிறது. 2017 மே மாதம் சீனா, ஜப்பான், கொரியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் எச்.ஆர். தகடுகளுக்கு டன் 478 முதல் 561 டாலர் வரை அப்படித்தான் வைத்தார்கள், சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடுகளுக்கு 576 டாலர். இறக்குமதி விலை அதற்குக் கீழே இருந்தால் மட்டும் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். சந்தை விலை மேலே போன நாட்களில் வரி பூஜ்யமாகிவிட்டதை அந்த ஆண்டுகளில் இறக்குமதி செய்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

கேள்வி (மண்ணடி, இறக்குமதியாளர்): வழக்குப் போட்டவர்கள் வென்றிருக்கிறார்களா? எந்தக் காரணத்துக்காக வென்றார்கள்?

பதில்: வென்றிருக்கிறார்கள். ‘வரி அநியாயம், விலை ஏறிவிட்டது, தொழில் படுத்துவிட்டது’ என்று வாதாடி வென்றவர்கள் அரிது. அதிகாரி நடந்துகொண்ட முறையிலும் காலக் கெடுவிலும் ஓட்டை கண்டவர்களே பெரும்பாலும் வென்றார்கள். முக்கியத் தீர்ப்புகள் டயர், ரப்பர், ஓடு போன்ற சரக்குகளில் வந்தவை என்றாலும், சட்டம் ஒன்றுதான் என்பதால் இரும்புக்கும் அவை அப்படியே பொருந்தும்.

2006இல் ரிலையன்ஸ் நிறுவனத்தின் வழக்கில், இந்த விசாரணை அதிகாரி நீதிமன்றம் போன்ற பணியைச் செய்கிறார், ஆகவே தான் சேர்த்த கணக்குகளை எல்லாம் ரகசியம் என்று பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2011இல் டயர் உற்பத்தியாளர் சங்கத்தின் வழக்கு இன்னும் சுவையானது: தரப்பினரின் வாதத்தை ஓர் அதிகாரி கேட்டார், அவர் மாறிப்போன பிறகு வந்த புதிய அதிகாரி மறுபடி கேட்காமலேயே முடிவை எழுதினார். கேட்டவர் ஒருவர், தீர்த்தவர் வேறொருவர் என்பது இயற்கை நீதிக்கு முரண் என்று நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. அரசு அலுவலகங்களில் இடமாற்றம் எவ்வளவு சாதாரணம் என்று அறிந்தவர்களுக்கு இத்தீர்ப்பின் கனம் புரியும்.

காலக் கெடு பற்றிய தீர்ப்புகளும் உங்களுக்குப் பயன்படும். விசாரணை முடியும் முன்பே விதிக்கப்படும் தற்காலிக வரி காலாவதியாகி இறுதி வரி வருவதற்கு இடையில் உள்ள இடைவெளி நாட்களுக்கு வரி வசூலிக்க முடியாது என்று 2015இல் ஜி.எம். எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் தீர்ப்பானது. இறுதி வரிக்கு ஆயுள் ஐந்தாண்டு. வரி தொடர வேண்டுமா என்ற மறுஆய்வு நடக்கும் காலத்தில் மேலும் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால் அந்த நீட்டிப்பு அறிவிக்கை ஐந்தாண்டு முடிவதற்குள் வந்தாக வேண்டும், மறுஆய்வைத் தொடங்கிவிட்டோம் என்பது மட்டும் போதாது என்று 2017இல் கும்ஹோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வழக்கில் வரி முடிந்து சில வாரங்கள் கழித்து வெளிவந்த நீட்டிப்பு செல்லாமல் போயிற்று. எனவே வரி விதித்த அறிவிக்கையின் தேதியைப் பார்த்து, ஐந்தாண்டு என்று முடிகிறது என்பதை நீங்களே குறித்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தீர்ப்பாயம் பார்ப்பது விசாரணைக் கோப்பில் உள்ளதை. விசாரணை அறிவிப்பு வந்தபோது வினாப்பட்டியலுக்குப் பதில் தராமல், முடிவுக்கு முன் இயக்குநரகம் தான் கண்டதைத் தெரிவிக்கும் வெளிப்படுத்தல் அறிக்கை வந்தபோது மறுப்பு எழுதாமல், வாய்மொழி விசாரணைக்கும் போகாமல் இருந்துவிட்டு, வரி வந்த பிறகு வழக்கறிஞரைத் தேடுகிறவரின் கையில் ஒன்றும் இருக்காது. ‘இந்த ரகத் தகட்டை உள்நாட்டு ஆலைகள் உருட்டுவதே இல்லை, ஆகவே இதை விலக்குங்கள்’ என்ற எளிய கோரிக்கைகூட விசாரணையின்போது ஆதாரத்துடன் வைக்கப்பட்டிருந்தால்தான் மேல்முறையீட்டில் உயிர் பெறும். இறக்குமதியாளர் வழக்கு உண்மையில் தொடங்குவது விசாரணை அறிவிப்பு அரசிதழில் வரும் நாளில்தான். அதைச் சந்தையில் எத்தனை பேர் படிக்கிறார்கள்?

கேள்வி (இராயபுரம், இறக்குமதியாளர்): வேறொரு நிறுவனம் வழக்குப் போட்டு வரியை ரத்து செய்துவிட்டால், நான் கட்டிய பணமும் தானாகத் திரும்பி வருமா?

பதில்: வராது. 1996 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்த்த மஃபத்லால் வழக்கின் ஒரு முக்கியக் கூறு இதுதான்: தன் வரிவிதிப்பை எதிர்க்காமல் விட்டவர், இன்னொருவர் பெற்ற தீர்ப்பைக் காட்டித் தன் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. 2019இல் ஐ.டி.சி. வழக்கில், நீங்களே சுயமதிப்பீடு செய்து கட்டியிருந்தாலும் அந்த மதிப்பீட்டை மேல்முறையீட்டில் மாற்றாமல் ரீஃபண்ட் கோர முடியாது என்பதும் உறுதியானது.

ஆகவே பில் ஆஃப் என்ட்ரியிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்து பணம் கட்டுங்கள். அப்படிக் கட்டியதற்கு, ரீஃபண்ட் கேட்கச் சுங்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வைக்கும் ஓராண்டுக் கெடு பொருந்தாது. மதிப்பீட்டின் மீது உங்கள் பெயரில் மேல்முறையீடும் நிலுவையில் இருக்கட்டும். இவை இரண்டும் இருந்தாலும் இன்னொரு தடை உண்டு: வரிச்சுமையை வாங்கியவர் தலையில் ஏற்றிவிட்டீர்கள் என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். ஏற்றவில்லை என்று நிரூபிக்காவிட்டால், வென்ற பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகும். வரியைச் செலவாக எழுதி விலையைக் கூட்டி விற்ற கணக்குப் புத்தகத்தோடு போனால் அங்கேயே முடிந்தது. அத்தொகை உங்கள் ஏட்டில் வரவேண்டிய பணமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஆடிட்டரின் சான்றும் விற்பனை விலைப் பட்டியல்களும் துணைக்கு வேண்டும்.

இதோடு தொடர்புடைய ஒரு சிறு செய்தி: இந்த வரியையும் சேர்த்த மதிப்பின் மீதே ஐ.ஜி.எஸ்.டி. கணக்கிடப்படுகிறது. ஐ.ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரவு (கட்டியதைப் பின்னர் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்கும். பொருள்குவிப்புத் தடுப்பு வரிக்குக் கிடைக்காது.

கேள்வி (திருவொற்றியூர், ஃபேப்ரிகேஷன் பட்டறை): நான் இறக்குமதி செய்வதில்லை, சாத்தங்காட்டில் வாங்குகிறேன். விலை ஏற்றம் என் தலையில்தான். நான் வழக்குப் போடலாமா?

பதில்: தனியாகப் போவதில் பயன் குறைவு. ஆனால் அச்சரக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் விசாரணையின்போது தகவல் தர விதிகளில் இடம் இருக்கிறது. பத்துப் பட்டறைகள் சேர்ந்து சங்கத்தின் பெயரில் மனுக் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். இப்பகுதிச் சங்கங்கள் மின்கட்டணத்துக்கும் குடிநீருக்கும் எழுதும் அளவுக்கு இதற்கு எழுதுவதில்லை என்பது என் மனக்குறை.

கேள்வி (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்): வரி வேண்டாம் என்பவர்கள் மட்டும்தான் நீதிமன்றம் போகிறார்களா?

பதில்: இல்லை. சீனாவின் எவர்சில்வர் தகடுகள் மீது 2017 செப்டம்பரில் விதிக்கப்பட்ட, மானியத்தை ஈடுசெய்யும் 18.95 சதவீத வரியை அரசு 2021 பட்ஜெட்டில் நிறுத்திவைத்து, 2022 பிப்ரவரியில் நீக்கியது. உள்நாட்டு உற்பத்தியாளர் தரப்பு குஜராத் உயர் நீதிமன்றம் சென்று, 2022இல் அந்த நீக்கத்தையே ரத்து செய்யும் தீர்ப்பைப் பெற்றது. இயக்குநரகம் பரிந்துரைத்தும் நிதி அமைச்சகம் வரி விதிக்க மறுத்த விஷயங்களிலும் ஆலைகள் தீர்ப்பாயம் போயின. 2023 நிதிச் சட்டம் 9சி பிரிவைத் திருத்தி, மேல்முறையீடு என்பது விதிகளின்படி நடந்த தீர்மானத்தின் மீதும் மறுஆய்வின் மீதும்தான் என்று 1995 ஜனவரி 1 முதலே பொருந்தும்படி எழுதியது. நீதிமன்றத்தில் நடக்கும் சண்டைக்கு நாடாளுமன்றத்தில் பின்தேதியிட்டு விடை எழுதும் இந்த வழக்கம் எனக்கு உவப்பானதல்ல.

கேள்வி (எண்ணூர், ஏற்றுமதி நிறுவன ஊழியர்): அமெரிக்காவில் இதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டாமே?

பதில்: உண்டு. நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றம். அதன்மேல் வாஷிங்டனில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே இறக்குமதியின்போது கட்டுவது முன்வைப்புத் தொகை மட்டுமே. உண்மையான வரி பின்னால் நடக்கும் ஆண்டு மறுஆய்வில் முடிவாகும். சுங்கத்துறை அந்தச் சரக்கின் வரிக் கணக்கை முடித்துவிட்டால் வழக்கில் வென்றும் பலனில்லை என்பதால், கணக்கை முடிக்காதிருக்கத் தடையாணை வாங்குவதே அங்கே முதல் வேலை. 1983இல் ஜெனித் ரேடியோ வழக்கு அந்த வழியைத் திறந்தது. நம் நாட்டில் விதித்த வரியே கட்ட வேண்டிய வரி. பிறகு திரும்பப் பெறுவதுதான் பாடு. உலக வர்த்தக அமைப்புக்கு நீங்களோ உங்கள் நிறுவனமோ போக முடியாது. அங்கே அரசுகள் மட்டுமே வழக்காடும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, எவர்சில்வர் வணிகர்): குறிப்பிட்ட அகலத்துக்கு மட்டும் வரி என்றால், அதைவிட அகலமான காயிலை இறக்கி இங்கே தேவையான அகலத்துக்கு வெட்டி, அதாவது ஸ்லிட் செய்துகொண்டால் சட்டப்படி தப்பலாமா?

பதில்: இதை உங்களுக்கு முன்பே செய்து பார்த்தாயிற்று. 600 முதல் 1,250 மில்லிமீட்டர் வரையிலான குளிர் உருட்டு எவர்சில்வர் தகடுகளுக்கு வரி இருந்தபோது, அதைவிடச் சற்று அகலமான காயில்கள் வரத் தொடங்கின. ஆலைகள் புகார் செய்ய, விசாரணைக்குப் பின் 2017இல் 1,250 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலத்துக்கும் அந்த வரி நீட்டிக்கப்பட்டது. ஆகவே விலைப் பட்டியலில் அகலத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். அந்தச் சரக்கின் மீது, இப்படி வரியைத் தவிர்ப்பது பற்றிய தவிர்ப்பு விசாரணை நடக்கிறதா என்பதை டி.ஜி.டி.ஆர். இணையதளத்தில் பார்த்துவிட்டு எல்.சி. திறவுங்கள்.