பச்சோந்திக்குச் சேலை விரிக்காதீர்கள்

கேள்வி: தரம் 8இல் படிக்கும் மகளின் விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்காக, எங்கள் வளவில் திரியும் பச்சோந்தியைச் சிவப்புச் சேலையில் விட்டு, நிறம் மாறுவதைப் படமெடுக்க நினைக்கிறோம். போன மாதம் மதிலில் நின்றபோது அதன் தலை நன்றாகச் சிவந்திருந்தது. எவ்வளவு நேரம் விட வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விடிய விடிய விட்டாலும் சேலைதான் அழுக்காகும். நீங்கள் கண்டது பச்சோந்தியே அல்ல, ஓணான். இலங்கையின் பச்சோந்தி புத்தளம், மன்னார்ப் பக்கத்து வறண்ட காடுகளில் வாழ்வது. சந்தேகமென்றால் காலைப் பாருங்கள். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோலக் கிளையைக் கவ்வும், வால் சுருளும், ஒரு கண் முன்னே பார்க்க மற்றது பின்னே பார்க்கும். ஓணானுக்கு ஐந்து விரலும் தனித்தனி, வால் சுருளாது, விரட்டினால் ஓடிவிடும்.

அந்தச் சிவப்புக்கும் மதிலுக்கும் சம்பந்தமில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் தலையும் தொண்டையும் சிவந்து நிற்பது, இன்னொரு ஆணை மிரட்டவும் பெண்ணைக் கவரவும். ஒளிய நினைக்கும் பிராணி அப்படியா நிற்கும்?

பச்சோந்தியும் நின்ற இடத்தின் நிறத்தைப் பிரதி எடுப்பதில்லை. அமைதியாக இருக்கையில் அதன் பச்சையே இலைகளுக்குள் அதை மறைத்துவிடுகிறது. மாறுவது பெரும்பாலும் கோபத்தாலும் குளிராலும்தான். காலை வெயிலை உறிஞ்சக் கறுக்கும். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகஸ்கார் இனமொன்றில் இதன் சூட்சுமத்தைக் காட்டினார்கள். தோல் கலங்களில் குவானின் எனும் நுண்படிகங்கள் அடுக்கியிருக்கின்றன. அவை நெருங்கியிருந்தால் நீல ஒளி தெறிக்கும். மேலுள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். ஆண் சினந்தால் படிகங்களின் இடைவெளி கூடி, மஞ்சளும் செம்மஞ்சளும் தெறிக்கும். போதாததற்கு, பச்சோந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடித்துச் சோதிக்கும் எண்ணமே வேண்டாம்.

மகளுக்குச் செயற்றிட்டம்தானே வேண்டும்? கணவாய் வாங்குங்கள். சுற்றுப்புறத்துக்கேற்ப உண்மையாகவே நிறம் மாற்றுவது அதுதான். மணலில் ஒரே நிறமாகவும், சரளையில் புள்ளியாகவும், பெரிய வெள்ளைக் கற்களிடையே முதுகில் வெள்ளைச் சதுரத்தோடும் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், அதன் கண்ணுக்கு நிறபேதம் தெரியாது. பிரகாசத்தையும் வடிவத்தையும் வைத்தே இத்தனையும் செய்கிறது. ஒவ்வொரு புள்ளியும் நிறமி நிறைந்த ஒரு சிறு பை. சுற்றியுள்ள தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் தோன்றும், தளர்ந்தால் சுருங்கி மறையும். நரம்பு நேரே இயக்குவதால் ஒரு விநாடிகூட ஆகாது.

அதிகாலையில் மீன் சந்தைக்குப் போய், அன்று கரைக்கு வந்த கணவாயைத் தேடுங்கள். தோலில் புள்ளிகள் தாமாகவே துடித்துக்கொண்டிருந்தால் அதையே எடுங்கள். ஐஸில் இரண்டு நாள் கிடந்து, சதை இளஞ்சிவப்பேறியது உதவாது. நிறமிப் பைகள் ஏற்கெனவே சிதைந்திருக்கும். தோலை உரிக்கவோ கழுவவோ விடாதீர்கள். வீட்டில் ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, வெள்ளைப் பீங்கானில் தோல்துண்டை அதில் மூழ்க வையுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் கூடாது. கலங்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். குண்டூசி நுனியால் மெல்லத் தொட்டுவிட்டுக் கைவில்லையால் பார்த்தால் புள்ளிகள் விரிந்து சுருங்குவது தெரியும். தசை உயிரோடிருக்கும் சிறிது நேரம்தான் இந்த ஆட்டம். ஆகவே கமராவை முதலே தயாராக வையுங்கள். மிச்சக் கணவாயைக் கறிக்கு வையுங்கள்.