ஹாட் ராடுக்கு ஏன் சிலர் ப்யூக் நெயில்ஹெட் இன்ஜினைத் தேடுகிறார்கள்?

ஹாட் ராட் என்பது 1930களின் ஃபோர்டு போன்ற பழைய அமெரிக்க காரின் எடையைக் குறைத்து வலுவான இன்ஜின் பொருத்திய வண்டி. பெரும்பாலோர் 1955இல் வந்த செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் V8 இன்ஜினையே எடுப்பார்கள், உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும். சரி, அப்புறம் ஏன் 1953 முதல் 1966 வரை வந்த, ப்யூக் கார் நிறுவனத்தின் V8 இன்ஜினான நெயில்ஹெட்? அதன் சிறிய வால்வுகள் ஆணி போல நிமிர்ந்து நிற்கும், பெயரும் அதனால்தான். குறுகிய வழியில் காற்று வேகமாக நுழைவதால் இன்ஜின் குறைந்த வேகத்தில் சுற்றும்போதே நல்ல இழுவை வரும், தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அதுபோல. சுற்று ஏறினால் மூச்சு முட்டும்தான், ஆனால் எடை குறைந்த வண்டிக்கு அந்த இழுவையே போதும், பானெட் இல்லாமல் பார்க்க அவ்வளவு அழகு! காற்று வடிகட்டி மேல் ‘வைல்ட்கேட் 445’ என்றிருந்தால் அது கொள்ளளவு இல்லை, பவுண்டு-அடியில் முறுக்குவிசை (டார்க்), அதாவது அந்த இழுவையின் அளவு. இன்ஜின் 401 கன அங்குலம்தான்.