குடல் இணைப்பு கசிந்தால் வழக்கு நிற்குமா?

கேள்வி: அப்பாவுக்குக் குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருந்தார்கள். பிறகு தனியார் மருத்துவமனையில் குடலைத் திரும்ப இணைத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல், வயிறு உப்புசம். "வாயுதான், சரியாகிவிடும்" என்றார்கள். ஏழாம் நாள் ஸ்கேனில்தான் இணைப்பு கசிவது தெரிந்தது. அவசரமாக வயிற்றைத் திறந்து கழுவி, மறுபடி பை வைத்துவிட்டார்கள். ஒன்றரை வருடமாகிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கசிந்தது என்பதையே குற்றமாகச் சொன்னால் வழக்கு நிற்காது. கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும் சிலருக்கு இணைப்பு கசியும். அது தெரிந்த சிக்கல்தான். சிகிச்சை பலிக்காததாலேயே மருத்துவர் கவனக்குறைவானவர் ஆகிவிடமாட்டார் என்பதை ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் பலம் அந்த நான்கு நாட்களில் இருக்கிறது. இணைப்பு அறுவைக்குப் பின் காய்ச்சல், நாடித்துடிப்பு ஏற்றம், வயிறு உப்புசம் எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். யார் வந்து பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனை என்ன காட்டியது, ஸ்கேன் ஏன் தள்ளிப்போனது? டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் இருக்காது. நர்ஸ்கள் மணிக்கணக்கில் எழுதும் காய்ச்சல், நாடி அட்டவணையைப் பாருங்கள். மூன்றாம் நாள் இரவே நாடி 120ஐத் தாண்டியிருந்து, மருத்துவர் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

ஆகவே முழு கேஸ் ஷீட்டையும் (மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகள்) எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஒப்புதல் படிவத்தையும் வாங்குங்கள். கசியலாம், மறுபடி பை வைக்க நேரலாம் என்று முன்பே விளக்கவில்லையென்றால் அது தனிக் குறை. நோயாளியின் ஒப்புதல் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த சமீரா கோஹ்லி தீர்ப்பு (2008) அதற்குத் துணை நிற்கும். அப்புறம், வேறொரு குடல் அறுவை நிபுணரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்றாலும், உங்கள் வழக்கில் அது இல்லாமல் போக வேண்டாம் என்பேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 69ஆவது பிரிவுப்படி, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு இரண்டு வருடம். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், அதை நம்பி உட்காராதீர்கள். அப்பா பெயரிலேயே புகார் போகட்டும். இரண்டாவது அறுவைச் செலவு, பைச் செலவு, இனி செய்ய வேண்டிய இணைப்பின் செலவு எல்லாவற்றையும் கேளுங்கள்.

மருத்துவமனை "மறு அறுவையை இலவசமாகச் செய்கிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று தாள் நீட்டினால், வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள்.