வாசகர் கேள்விகள்: பிசிஜி ஊசியும் உடல் காட்டும் எதிர்ப்பும்

காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது கடிதத்தை எழுதியவரின் கோபத்தில் நியாயம் இருப்பதால் அதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பிறந்த மறுநாள் என் பேத்தியின் இடது மேற்கையில் பிசிஜி போட்டார்கள். அப்போது எழுந்த சிறு மேடு அரை மணி நேரத்தில் அமுங்கிவிட்டது. ஐந்து வாரம் கழித்து அதே இடம் சிவந்து, பழுத்து, நீர் கசிகிறது. மருந்து தடவலாமா?

பதில்: எதையும் தடவ வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம், சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால் போதும். முதல் நாள் எழுந்த மேடு, தோலுக்குள் செலுத்திய 0.05 மில்லிலிட்டர் திரவம்தான். இப்போது நீங்கள் பார்ப்பதுதான் உடலின் மறுமொழி. பல தடுப்பூசிகளில் செத்த கிருமியோ கிருமியின் ஒரு துணுக்கோ இருக்கும். பிசிஜியில் இருப்பவையோ உயிருள்ள, மெதுவாகப் பெருகக்கூடிய, வீரியம் குறைந்த பாக்டீரியாக்கள். தோலில் அவை இறங்கியதும், கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்களான விழுங்கணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஆனால் மெழுகு போன்ற உறை கொண்ட இக்கிருமி எளிதில் செரிப்பதில்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே சில காலம் குடியிருக்கிறது. இதற்கிடையில் டென்ட்ரிடிக் செல்கள் என்னும் தூதுவச் செல்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு அக்குளிலுள்ள நிணநீர்க்கணுவுக்குப் போய், அத்துணுக்குகளை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. எழுந்த டி செல்கள் பல மடங்கு பெருகி, இரத்தத்தின் வழியே ஊசி போட்ட இடத்துக்கு வந்து இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்ட பிறகுதான், அதுவரை கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்த விழுங்கணுக்கள் அதைக் கொல்லும் வலிமையைப் பெறுகின்றன.

இவ்வளவும் நடந்தேறச் சில வாரங்கள் பிடிப்பதால்தான் உங்கள் பேத்தியின் கை ஐந்தாவது வாரத்தில் பழுத்திருக்கிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் புண் காய்ந்து சிறு தழும்பாகிவிடும். அக்குளில் சிறிதாக நெறி கட்டினால் அதுவும் இதே நிகழ்வின் பகுதிதான். அது பெரிதாகிக்கொண்டே போனாலோ, மென்மையாகிச் சீழ் கோத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: உயிருள்ள கிருமி என்கிறீர்கள். அது மீண்டும் வீரியம் பெற்றுக் காசநோயாகவே மாறிவிடாதா?

பதில்: பிரான்சின் லில் நகரிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கால்மெட், காமில் கெரென் ஆகிய இருவரும் 1908-இல் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கின் மேல் வளர்க்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிய கிழங்குக்கு மாற்றி, 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றிய பின், விலங்குகளுக்கு நோய் தர முடியாத கிருமி ஒன்று கிடைத்தது. 1921-இல் அது முதன்முறையாக ஒரு குழந்தைக்கு, வாய்வழியாக, கொடுக்கப்பட்டது. கிருமி எதை இழந்தது என்பது இருவருக்கும் தெரியாது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அது தெரிந்தது: ஆர்டி1 எனப்படும் ஒரு மரபணுப் பகுதி முழுவதுமாகக் காணாமல் போயிருந்தது. தன்னை விழுங்கிய செல்லின் பையைத் துளைத்து வெளியேறக் கிருமிக்கு உதவும் கருவி அப்பகுதியில்தான் இருக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் திரும்பவும் மாறிக்கொள்ளக்கூடும். பக்கமே கிழிந்துபோனால் தானாக முளைக்காது.

1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் தடுப்பு மருந்து பெற்ற குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்தைச் சிலர் இன்றும் எடுத்துக்காட்டுவதுண்டு. விசாரணையில், ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தில் கலந்துவிட்டது தெரியவந்தது. பிசிஜி வீரியம் பெறவில்லை.

உண்மையான ஆபத்து வேறொரு சிறு குழுவினருக்கு இருக்கிறது. பிறவியிலேயே டி செல்கள் இல்லாத குழந்தைகளிடமும், இன்டர்ஃபெரான் காமாவின் செயல்பாட்டில் மரபணுக் குறை உள்ளவர்களிடமும், கட்டுப்பாட்டுக்குள் வராத எச்ஐவி தொற்று உள்ளவர்களிடமும் இந்தப் பலவீனக் கிருமிகூட உடலெங்கும் பரவக்கூடும். குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி நேர்ந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: என் கையில் பிசிஜி தழும்பு இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது, காசநோய்க் கிருமியின் புரதத்தைத் தோலில் ஊசியாகப் போட்டுச் செய்த மாண்டு (Mantoux) பரிசோதனையிலும் நன்றாகத் தடித்தது. உனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றார்கள். ஆனாலும் 34 வயதில் எனக்கு நுரையீரல் காசநோய் வந்தது. அப்படியானால் இந்த ஊசியால் என்ன பயன்?

பதில்: உங்களிடம் சொன்னதுதான் தவறு. தழும்பும் மாண்டுத் தடிப்பும், உங்கள் டி செல்கள் மைக்கோபாக்டீரியாவை, அதாவது காசநோய்க் கிருமியும் பிசிஜியும் சேர்ந்த பாக்டீரியா இனத்தை, எப்போதோ சந்தித்திருக்கின்றன என்பதற்கான அடையாளங்கள். அடுத்த முறை அவை வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் தருபவை அல்ல. மாண்டுத் தடிப்பு தடுப்பூசியாலும் வரும், உறங்கிக்கிடக்கும் தொற்றாலும் வரும். அதைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிசிஜி இழந்துவிட்ட ஆர்டி1 பகுதியின் புரதங்களைப் பயன்படுத்தும் இரத்தப் பரிசோதனைகள் இன்று இருக்கின்றன. தடுப்பூசியால் மட்டும் உண்டான நினைவு அவற்றில் தெரியாது.

தடுப்பூசியின் காப்பு எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். கைக்குழந்தைகளிடம் காசநோய்க் கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தில் ஏறி மூளையுறைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவுவதை பிசிஜி பெருமளவு தடுக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சல் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்று ஒரு முறை பார்த்தவர்கள் இந்த ஊசியைப் பயனற்றது என்று சொல்லமாட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோய் விஷயத்தில்தான் முடிவுகள் முரண்படுகின்றன. 1950-இல் பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதினரிடம் தொடங்கிய ஆய்வில் காப்பு 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 1968-இல் தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகக் காப்பே தெரியவில்லை. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகும் அதே முடிவுதான்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் எனக்கு வலுவாகப்படுவது சுற்றுப்புற மைக்கோபாக்டீரியாக்களைப் பற்றியது. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவினங்கள் ஏராளம். அவற்றை ஏற்கெனவே சந்தித்துப் பழகிய உடலில் செலுத்தும் பிசிஜியை, அது பெருகிப் பாடம் நடத்துவதற்கு முன்பே டி செல்கள் அழித்துவிடலாம். அல்லது அந்த உறவினங்கள் தந்த காப்புக்கு மேல் ஊசி கூட்டித் தர எதுவும் இல்லாமல் போகலாம். பிறந்தவுடன் போடும்போது பலன் கூடுவது இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

இன்னொரு காரணம் இடம் சார்ந்தது. கைத்தோலில் போட்ட ஊசி உருவாக்கும் நினைவு டி செல்கள் பெரும்பாலும் இரத்தத்திலும் நிணநீர்க்கணுக்களிலும் சுற்றி வருகின்றன. கிருமியோ மூச்சுக்காற்றில் வந்து நுரையீரலின் காற்றறையில் இறங்குகிறது. அங்குள்ள விழுங்கணுக்களுக்குள் புகுந்து அது வேரூன்றிய பிறகே டி செல்களுக்குத் தகவல் போகிறது. இரத்தத்தில் ஏறும் கிருமியை மறிக்கும் படை, வாசலில் நுழைவதைத் தடுக்கத் தாமதமாகவே வந்து சேர்கிறது. இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது: குழந்தைப் பருவத்து நினைவு 34 வயதுவரை அதே கூர்மையோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்டர்ஃபெரான் காமா இல்லாமல் காப்பு இல்லை என்பது, அந்த மரபணுக் குறை உள்ளவர்களிடமிருந்து நமக்குத் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. பிசிஜி பெற்ற குழந்தைகளுக்கு வலுவூட்டலாகக் கொடுத்துப் பார்த்த எம்விஏ85ஏ என்ற தடுப்பூசி, இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் டி செல்களை எழுப்பியது. ஆனாலும் 2013-இல் வெளியான முடிவில் நோயைக் குறைக்கவில்லை. எந்த அளவீடு காப்பை உறுதியாகக் காட்டும் என்ற கேள்விக்கு இத்துறையில் இன்னும் விடை இல்லை.

கேள்வி: என் மகனுக்குத் தழும்பே விழவில்லை. மீண்டும் ஒரு முறை போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஊசி போட்டது உறுதியாகத் தெரிந்தால், தழும்பு இல்லை என்பதற்காக மீண்டும் போடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: நூறு ஆண்டுக்கு மேல் பழைய ஊசியையே நம்பியிருக்கிறோமே, புதிதாக எதுவும் வரவில்லையா?

பதில்: உயிருள்ள தடுப்பூசிகளிலேயே இரண்டைச் சொல்லலாம். விபிஎம்1002 என்பது மாற்றியமைத்த பிசிஜி. விழுங்கணுவின் பையைத் துளைக்கும் ஒரு புரதத்தின் மரபணுவை லிஸ்டீரியா என்ற வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்து இதில் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் துளை வழியே கசியும் துணுக்குகள், கிருமி புகுந்த செல்லையே கொல்லக்கூடிய சிடி8 வகை டி செல்களையும் எழுப்பும் என்பது எண்ணம். எம்டிபிவேக் என்பது மனிதக் காசநோய்க் கிருமியிலேயே இரண்டு மரபணுக்களை நீக்கி உருவாக்கியது. ஆகவே பிசிஜியில் இல்லாத பல புரதங்களை இது டி செல்களுக்குக் காட்டுகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்த குழந்தைகளிடம் இதன் மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கப்பட்டிருக்கிறது.

பழைய பிசிஜியே இன்னும் வியப்பளிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்றில் அதை அதிக அளவில் நேரடியாக இரத்தநாளத்தில் செலுத்தினார்கள். நுரையீரலிலேயே ஏராளமான டி செல்கள் குடியேறின. பின்னர் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியபோது 10 குரங்குகளில் 9 பெரிதும் காக்கப்பட்டன, அவற்றில் 6-இன் உடலில் கிருமியின் சுவடே இல்லை. உயிருள்ள பாக்டீரியாவை அந்த அளவில் ஆரோக்கியமான மனிதரின் இரத்தத்தில் ஏற்றுவது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை என்பதால், அந்தக் குரங்குகளின் நுரையீரலில் எந்தச் செல்கள் அந்த வேலையைச் செய்தன என்பதைத்தான் ஆய்வாளர்கள் முதலில் தேடுகிறார்கள்.