இங்கிலாந்தில் பல ஊர்ப் பெயர்கள் 'பி' என்று முடிவது ஏன்? அதே பெயர்கள் ஆட்களுக்கும் இருக்கின்றனவே?

விட்பி, கிரிம்ஸ்பி, டெர்பி எல்லாம் வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் விட்டுச்சென்ற தடம். 865-இல் பெரும்படையுடன் வந்திறங்கிய டேனியர்கள் (டென்மார்க் பக்கத்து வைக்கிங்குகள்), கொள்ளையோடு நிற்காமல் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் 'பி' என்றால் பண்ணை அல்லது சிற்றூர். இன்றைய டேனிஷ் மொழியிலும் ஊரைக் குறிக்க அதே சொல்தான். கிரிம்ஸ்பி, கிரிம் என்பவனின் ஊர். டெர்பிக்கு அதற்கு முன் நார்த்வொர்தி என்ற ஆங்கிலப் பெயர் இருந்தது. வந்தவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது, பழையது ஏட்டோடு சரி.

ஆனால் 'பி'யைப் பார்த்தவுடன் டேனியர் என்று முடிவுகட்ட வேண்டாம். ரக்பி என்ற ஊர் 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற இங்கிலாந்து நிலக் கணக்குப் பதிவேட்டில் 'ரோச்சிபெரி'. அதன் வால் 'கோட்டை' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல். அக்கம்பக்கத்து ஊர்களைப் பார்த்துப் பின்னாளில் 'பி' ஆகிவிட்டது. பெயரின் இன்றைய உருவத்தை நம்பாமல், கிடைக்கும் மிகப் பழைய எழுத்துவடிவத்தைத் தேட வேண்டும் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

குடும்பப் பெயர் விஷயம் எளிது. செல்பி என்ற ஊரில் இருக்கும்வரை ஒருவரைச் 'செல்பிக்காரர்' என்று யாரும் அழைப்பதில்லை, அங்கே எல்லோருமே அப்படித்தானே! வெளியூர் போய்க் குடியேறியவரைத்தான் அப்படி அடையாளம் சொன்னார்கள். நிலக்கிழார்கள் மட்டும் விதிவிலக்கு. தங்கள் சொத்து இருந்த ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் மூதாதையர் பெயர் பெற்றதும் வடகிழக்கு இங்கிலாந்தின் வாஷிங்டன் என்ற ஊரால்தான்.