“கூடே இல்லையே” என்று ஒப்பந்தக்காரர் சொன்னால்

கேள்வி: கிழக்கு லண்டனில் 14 மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சென்ற ஆண்டு உச்சி விளிம்பில் பெரிகிரின் என்ற வேட்டைப் பறவை ஜோடி ஒன்று இரண்டு குஞ்சுகளைப் பறக்கவிட்டது. இப்போது பிப்ரவரி நடுவாகிவிட்டது, ஒன்றுதான் கண்ணில் படுகிறது. மார்ச்சில் முகப்பு வேலை தொடங்கும் என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. “மேலே போய்ப் பார்த்தாயிற்று, கூடே இல்லை” என்கிறார் ஒப்பந்தக்காரர். பறவைகள் திரும்புமா?

பதில்: (கட்டடத்தின் பெயரை நீக்கியே வெளியிடுகிறோம். காரணம் கீழே.)

பெரிகிரின், அதாவது பொரி வல்லூறு, சுள்ளி கொண்டுவந்து கூடு கட்டும் பறவையே அல்ல. விளிம்பில் கிடக்கும் சரளையிலோ தூசியிலோ மார்பை அழுத்தி, காலால் சீய்த்து, ஒரு சிறு குழி பறிக்கும். அதில் முட்டையிடும். ஆகவே மேலே போனவர் சுள்ளியைத் தேடியிருந்தால் எந்த மாதத்தில் போனாலும் ‘கூடு இல்லை’ என்றுதான் இறங்கி வருவார்.

‘திரும்புமா’ என்ற கவலையும் வேண்டாம். தெற்கு இங்கிலாந்து ஜோடிகள் பொதுவாக வலசை போவதில்லை. குளிர்காலத்தில் இரண்டும் வேறு வேறு உயரக் கட்டடங்களில் உட்காரலாம், அதனால் ஒன்றுதான் கண்ணில் படலாம்.

கட்டடத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் விளிம்பு மறைத்துவிடும். எதிர்ப்பக்கம் 150 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும். விடிந்ததும் இரண்டு மணி நேரம், பொழுது சாயும் முன் ஒரு மணி நேரம் பாருங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் பறவை இது, அதன் நீலச்சாம்பல் முதுகு கான்கிரீட்டில் கரைந்துவிடும். சுவரில் வழிந்த வெள்ளை எச்சம், கீழே சிதறிய புறா இறகு, சில நேரம் பச்சைக்கிளி இறகு, இவற்றையும் குறியுங்கள். முக்கியமான அடையாளம், இரண்டும் ஒரே மூலையில் எதிரெதிரே தலை தாழ்த்திக் குனிவது. சிறியது ஆண், அது இரை கொண்டுவந்து பெரிய பெண்ணிடம் கொடுக்கும். மார்ச் கடைசியில் ஒன்று திடீரென மறைந்தால் பயப்படாதீர்கள், அநேகமாக அடைகாக்கிறது. முட்டை பொரிய ஒரு மாதத்துக்குச் சற்று மேல், குஞ்சு பறக்க ஆறு வாரம், அதன்பிறகும் பல வாரம் பெற்றோரை நம்பியே இருக்கும். கட்டட வேலைக்குப் பொருத்தமான காலம் செப்டம்பர் முதல் ஜனவரி வரைதான்.

ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, நேரம், எந்த மூலை என்பது இருக்கட்டும். காரணம் சட்டத்தில் உள்ள ஓட்டை. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, கூடு அமைக்கத் தொடங்கியதும் இந்தப் பறவையைத் தொந்தரவு செய்வது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம். ஆனால் பொன்னாங்கழுகுக்கும் விராலடிப்பானுக்கும் ஆண்டு முழுதும் கூட்டுக்குப் பாதுகாப்பு தந்த சட்டம், இதற்குத் தரவில்லை. காலியாக இருக்கும்போது விளிம்பில் வலையோ முள்கம்பியோ அடித்துவிட்டால் கேட்பாரில்லை. விவரம் தெரிந்த புறா விரட்டும் நிறுவனங்கள் குளிர்காலத்திலேயே வந்து அடித்துவிட்டுப் போகும். ஆண்டுதோறும் இதே கதை, ஒரு வரித் திருத்தத்துக்கு இத்தனை தயக்கம் ஏனோ! ‘பருந்து பறக்கவிட்டுப் புறாவை விரட்டுகிறோம்’ என்பவர்களையும் சேர்க்காதீர்கள். அவர்கள் கொண்டுவரும் ஹாரிஸ் ஹாக்கைத் தன் எல்லைக்குள் பார்த்தால் பெரிகிரின் மேலிருந்து பாய்ந்து தாக்கும்.

‘பறவை இருக்கும்போதும் வேலை செய்ய பெர்மிட் நாங்களே தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். இங்கிலாந்தில் இந்த உரிமத்தைத் தருவது நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மட்டுமே. புறாக்களுக்கான பொது உரிமத்தின் அச்சுப்பிரதியைக் காட்டி ஏய்ப்பவர்களும் உண்டு. அது பெரிகிரினுக்குச் செல்லாது.

ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் எல்லோரும் இழுத்து நீட்டுகிறார்கள். பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து என்றால் கூட்டுக் காலத்திலும் உரிமம் பெற்று வேலை செய்ய வழி இருக்கிறது. கான்கிரீட் பெயர்ந்து நடைபாதையில் விழுகிறது என்றால் அது ஆபத்து. பெயின்ட், சுத்தம் செய்தல், கேபிள் இழுத்தல் ஆபத்தல்ல. சாரம் வாடகைக்கு வந்துவிட்டது, தாமதமானால் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம் என்பதும் ஆபத்தல்ல. ஆபத்து என்று சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர், அதுவும் எழுத்தில். நடைபாதையைத் தடுத்தால் போதுமா என்று அவரிடம் முதலில் கேளுங்கள். 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு, தீப்பற்றும் மேலுறையை அகற்றும் வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. கூடு இல்லாத பக்கங்களில் தொடங்கி, அந்த முகப்பைக் கடைசிக்கு வைக்க முடியும்.

படத்தை இடத்தோடு வெளியே போடாதீர்கள். ஸ்காட்லாந்தில் காட்டுக் குஞ்சுகளைத் திருடி, வளர்ப்புக் குஞ்சு என்று விற்ற தந்தைக்கும் மகனுக்கும் 2024இல் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை, சம்பளமில்லாச் சமூகப் பணி போன்ற தண்டனைதான். ஆர்வலர்போல் வந்து ‘எந்த மாடி, எந்தப் பக்கம்’ என்று விசாரிப்பவரிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜோடி குடியிருப்பதையும் குறிப்புகளின் தேதிகளையும் எழுதி, வேலைக்கு முன் பறவைச் சூழலியலாளரின் ஆய்வறிக்கையைக் கேளுங்கள். ‘தெரியாது’ என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது. மீறி ஏறினால் காவல்துறையின் அவசரமல்லாத எண்ணான 101ஐ அழைத்து, வனவிலங்குக் குற்ற அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். எடுப்பவருக்கு விவரம் தெரியாமல் போகலாம். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.