மல்டிடிராக் டேப் ரெக்கார்டரை கம்ப்யூட்டரால் இயக்குவது என்றால் என்ன?

2 அங்குல டேப்பில் 24 தடங்கள் வரை (குரல், வாத்தியம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக) பதியும் இயந்திரத்தின் ஓட்டு, நிறுத்து, சுற்று, பதிவு பொத்தான்களைத் திரையிலிருந்தே அழுத்த வைக்கும் மென்பொருள் இது. பல்லவி ஓரிடம், சரணம் ஓரிடம். கையால் சுற்றித் தேடினால் பொழுது போய்விடும். அதனால் ஒரு தடத்தை ஒதுக்கி, மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் (நொடியின் சிறு பகுதி) என்று டைம்கோடு பதிந்துவிடுவார்கள். அதை வைத்து மென்பொருள் இடத்தைக் கண்டுபிடிக்கும். இதற்கான மிடி மெஷின் கன்ட்ரோல் கட்டளைகள் (மிடி என்பது இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) 1992-ல் வந்தன.

மதுரை மாசி வீதியில் தேர் வரும்போது பாருங்கள். துண்டை வீசிச் சைகை காட்டுபவர் வடத்தைத் தொடுவதே இல்லை. மென்பொருளும் அவரைப் போலத்தான். அவர் நிறுத்தச் சொன்னதும் தேர் சட்டென நிற்பதுமில்லை, முட்டுக்கட்டை போட்டாக வேண்டும். கனமான ரீலும் அப்படித்தான், கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரும். (அவசரக்காரர்களுக்கு ஆகாது.)

பலர் நினைப்பதுபோல் பாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறுவதில்லை. கேபிளில் போவது கட்டளைதான், ஒலி டேப்பிலேயே இருக்கும்.